மறுபடி வந்துவிட்டது 'ஈக்வினாக்ஸ் வெயில்' செய்தி: குழுவில் என்ன பதில் போடலாம்?

கீழ்த்தளம்

எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி இன்று மறுபடி சுற்றுகிறது. ஈக்வினாக்ஸ் (பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாள்) நிகழ்வால் அடுத்த 5 நாளைக்குச் சிங்கப்பூர், மலேசியாவில் வெயில் 40 டிகிரி தொடுமாம். பகல் 12 முதல் 3 வரை வெளியே வரக்கூடாதாம். கூடத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டுமாம், அது உருகினால்தான் ஆபத்தாம். ஐஸ் தண்ணீர் குடித்தால் ரத்த நாளம் வெடிக்குமாம்.

குழுவில் பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் தங்குவிடுதித் தம்பிகளும், அதாவது வெளிநாட்டு ஊழியர்களும், இருக்கிறார்கள். அனுப்பியவர் எல்லாரும் மதிக்கும் பெரியவர். 'பொய்ச் செய்தி' என்று ஒற்றை வரியில் அடித்தால் அவர் மனம் நோகும், அப்புறம் நாம் சொல்வது யார் காதிலும் ஏறாது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேச இதையே வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா? என்ன எழுதலாம், எவ்வளவு எழுதலாம்?

பருவக்காற்று

செய்தியில் ஒரே ஒரு உண்மை இருக்கிறது. மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். மற்றதெல்லாம் ஒட்டுப்போட்டவை.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில். டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே எட்டிப் போகும்போதுகூட இங்கே உச்சிப்பொழுதில் அது 65 பாகை உயரத்தில் நிற்கிறது. மேகத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், அப்போது தரையில் விழும் வெயில், சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது விழுவதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடுதான் குறைவு. அந்த வித்தியாசமும் மூன்று மாதத்தில் மெல்ல மெல்லத்தான் ஏறும். 5 நாளில் திடுக்கென்று ஏறி இறங்க வழியே இல்லை.

சூரியன் மட்டுமே காரணமென்றால் செப்டம்பரும் மார்ச்சைப் போலக் கொதிக்க வேண்டும். ஆனால் சராசரியில் நம் ஊருக்கு மிக வெப்பமான மாதம் மே. இரண்டு பருவக்காற்றுக் காலங்களுக்கு நடுவே காற்று மெலிந்து, காலையில் மேகம் இல்லாமல் இருந்தால்தான் வெப்பம் தேங்குகிறது. மேகமும் காற்றும் மழையும்தான் இங்கே தீர்மானிக்கின்றன.

40 டிகிரி என்பதற்குப் பதில் இன்னும் எளிது. சிங்கப்பூரில் பதிவான உச்சம் 37.0 டிகிரி. இரண்டு முறை தொட்டிருக்கிறது: 1983 ஏப்ரல் 17இல் தெங்காவில், 2023 மே 13இல் அங் மோ கியோவில். இரண்டுமே ஈக்வினாக்ஸ் முடிந்து பல வாரம் கழித்து. பெரியவரிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், பாகைக் கணக்கெல்லாம் வேண்டாம்.

செல்வி_ஈசூன்

விட்டுவிடலாமே. தண்ணீர் குடி, வெயிலில் அலையாதே என்று சொல்வதில் யாருக்கு என்ன கெடுதல்? திருத்தப்போய் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

இரவுப்பணி

செல்வி அக்கா, அந்த மெழுகுவத்தி ஒன்றே போதும், இதை விடக்கூடாது என்பதற்கு. சாதாரண மெழுகு உருக 46 டிகிரிக்கு மேல் வேண்டும், சில வகைக்கு 60க்கு மேல். வயதானவர் ஒருவர் சன்னல் சாத்திய அறையில், 33 டிகிரியில், விசிறி இல்லாமல் படுத்திருந்தாலே உடல் தடுமாறத் தொடங்கும். அப்போது மெழுகுவத்தி நிமிர்ந்து நிற்கும். 'இன்னும் உருகவில்லை, பயமில்லை' என்று அவர் விசிறியைக்கூடப் போடமாட்டார்.

ஐஸ் தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குளிர்ந்த நீர் குடித்து ரத்த நாளம் வெடிப்பதில்லை. சிலருக்கு வயிறு பிடிக்கலாம், பல் கூசலாம், அவ்வளவுதான். ஆனால் இதை நம்பியவர்கள், வெப்பத்தில் விழுந்தவருக்கு ஐஸ் வைக்கப் பயப்படுகிறார்கள். வெப்பத்தாக்கில் உயிரைக் காப்பது வேகமான குளிர்விப்புதான்.

யாராவது வெயிலிலோ புழுக்கத்திலோ உளறிப் பேசினால், தள்ளாடினால், மயங்கினால் 995. ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாரசிட்டமாலும் வேண்டாம். காய்ச்சலில் மூளையே உடல் சூட்டை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பத்தாக்கில் சூடு வெளியிலிருந்தும் தசையிலிருந்தும் ஏறுவதால் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. இன்னொன்று: வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உடலுழைப்பு செய்பவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரலாம். பேச்சும் நடையும் மாறுகிறதா என்று பாருங்கள்.

முதியவர்களிடம் மருந்துப் பையையும் கேட்க வேண்டும். நீரை வெளியேற்றும் ரத்த அழுத்த மாத்திரை, ஒவ்வாமை மாத்திரைகளில் சில, மனநல மருந்துகளில் சில, இவை உடலின் நீரையோ வியர்வையையோ குறைக்கும். மருந்தைத் தாமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குத் தண்ணீர் அளவு கட்டுப்பாடு இருக்கும், 'நிறையக் குடியுங்கள்' என்ற பொதுச் செய்தி அவருக்குப் பொருந்தாது. அந்த ஒரு வரியைச் செய்தியில் சேர்த்தே ஆக வேண்டும்.

துவாஸ்_பாதுகாப்பு

12 முதல் 3 வரை வெளியே வராதே என்பது கட்டுமானத்தில் வேலை செய்யும் தம்பிக்கு என்ன பயன்? அவரால் செய்ய முடியாததைச் சொன்னால், மீதிச் செய்தியும் தனக்கில்லை என்று தள்ளிவிடுவார். அவருக்கு உரிமையாக உள்ளதைச் சொல்லுங்கள்.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெப்ப விதிகளைக் கடுமையாக்கியது. வெளியிடத்தில் கடுமையான உடலுழைப்பு செய்பவருக்கு, டபிள்யூபிஜிடி அளவு (சூடு, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து உடல் படும் பாட்டைக் காட்டும் எண்) 32ஐத் தொட்டால் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். ஓய்வு நிழலில் இருக்க வேண்டும். தண்ணீர் மணிக்கு 300 மில்லி. 600 மில்லி போத்தலின் நடுவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, 'ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு' என்று சொல்லிக்கொடுங்கள். மில்லி கணக்கு நினைவில் நிற்காது, கோடு நிற்கும்.

எங்கே சறுக்குகிறது என்றால், முதலில் மீட்டர். அதைத் தள அலுவலக நிழலில் வைத்துவிட்டு, இரும்புக்கம்பி கட்டும் மேல்தளத்துக்கும் அதே எண் என்று எழுதுகிறார்கள். காலை 9 மணி எண்ணை நாள் முழுக்க ஓட்டுவதும் உண்டு. 11 மணிக்குள் இரண்டு டிகிரி ஏறியிருக்கும். நான்கு மணி நேர ஓய்வையும் சேர்த்து ஒரேயடியாக 40 நிமிடம் கொடுப்பது இன்னொரு தவறு. உடல் சூடு ஏறும்போதே இறக்க வேண்டும், ஏறி முடிந்தபின் சேர்த்து இறக்க முடியாது.

புதிதாக வந்தவர்தான் எனக்குப் பெரிய கவலை. 'திருச்சியில் 40 டிகிரி பார்த்தவனுக்கு இது என்ன' என்ற பேச்சைத் தளத்தில் அடிக்கடி கேட்கலாம். 40 டிகிரியில் ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) ஏறத்தாழ 26. இங்கே 32 டிகிரியில் ஈரப்பதம் 75 என்றால் அது 28. வெப்பமானி 8 டிகிரி குறைவாகக் காட்டும் இடத்தில் வியர்வை உலர்வது கடினமாகிறது, உடலுக்குப் பாரம் கூடுகிறது. அதனால்தான் புதியவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் குறைந்தது 7 நாள் படிப்படியாக வெயில் வேலையைக் கூட்டச் சொல்கிறார்கள். ஊரில் வேலை செய்தவர் என்பதால் அதைத் தாண்டக்கூடாது.

தெம்பனிஸ்_ராஜா

குறுக்கே ஒரு கேள்வி. அரசாங்கத்தின் மைஎன்வி செயலியில் டபிள்யூபிஜிடி 31 காட்டுகிறது, வானிலைப் பக்கத்தில் 33 டிகிரி. எதை நம்புவது? பெரியவர்களிடம் இரண்டையும் சொன்னால் குழம்பிப் போகிறார்கள்.

பருவக்காற்று

இரண்டும் சரி, அளப்பது வேறு. வெளியிடத்தில் டபிள்யூபிஜிடி கணக்கு இது: ஈரத்துணி சுற்றிய குமிழின் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் உள்சூட்டில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பநிலையில் 10 விழுக்காடு.

வெப்பநிலை 33, ஈரக்குமிழ் 28, கருங்கோளம் 45 என்று வையுங்கள்: 19.6, 9, 3.3, கூட்டினால் 31.9. அதே 33 டிகிரி நாளில் மேகம் கவிந்து காற்றும் வீசினால் ஈரக்குமிழ் 27, கோளம் 37 ஆகலாம்: 18.9, 7.4, 3.3, கூட்டினால் 29.6. வெப்பநிலை மாறவே இல்லை, உடல் படும் பாடு மாறிவிட்டது.

செயலியில் 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் நடுத்தரம், 33உம் அதற்கு மேலும் அதிகம் என்று நிறம் காட்டும். முதியவர்களிடம் எண்ணையே எடுக்காதீர்கள். நிறத்தையும் அதற்கு ஒரு செயலையும் சொல்லுங்கள்: அதிகம் என்று வந்தால் சந்தைக்குப் போவதைத் தள்ளிவைக்க வேண்டும். பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரிடம் எண்ணைச் சொல்லலாம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே செய்தி எழுதுவது தொண்டூழியர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிசகு.

மேற்குச்சுவர்

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் மேற்குப் பார்த்த சுவர் பிற்பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு 9, 10 மணிக்குத் திருப்பித் தருகிறது. பெரியவர்கள் தூங்காமல் புரள்வது அதனால்.

1 மணிக்கே அந்தப் பக்கத் திரையை இழுத்துவிட வேண்டும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன் மூடுவதுதான் பயன், அறை சூடான பிறகு மூடினால் சூடு உள்ளேயே அடைபடும். பொழுது சாய்ந்து வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறங்கள். ஒரு விசிறியைச் சன்னலுக்கு வெளியே பார்த்துத் திருப்பி வைத்தால் சூடான காற்றைத் தள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். எல்லா விசிறியையும் ஆளைப் பார்த்தே வைப்பதால் அறைக்காற்று சுற்றிச் சுற்றித்தான் வருகிறது.

ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே கொண்டுவராதீர்கள்: வெட்டிவேர் தட்டி, சன்னலில் ஈரத்துணி. வறண்ட காற்றில் அருமையான ஏற்பாடு. இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அறையில் புழுக்கம்தான் கூடும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரும் அப்படியே, மூடிய அறையில் கெடுதலே செய்யும். அதற்குப் பதில் ஈரத்துண்டால் கை, கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன் உட்காரலாம். அறை முழுவதையும் ஈரமாக்குவதைவிட உடம்பில் உலரவிடுவது மேல்.

ஏர்கான் இருப்பவர்கள் 25இல் வைத்து, கூடவே விசிறியையும் போட்டால் போதும். கரண்ட் கட்டணத்துக்குப் பயந்து அதைத் தொடாத முதியவர்கள் நிறைய. அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் பருவநிலை பற்றுச்சீட்டில் மின்சாரம் குறைவாக இழுக்கும் டிசி விசிறி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதை ஒரு வரி எழுதுங்கள்.

செல்வி_ஈசூன்

சரி, மெழுகுவத்தியைப் பற்றிச் சொன்னதும் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் காரணத்தையும் சொல்ல வேண்டாமா? கரியமில வாயு, எண்ணெய், நிலக்கரி என்று ஒன்றுமே சொல்லாமல் தண்ணீர் குடி என்று மட்டும் சொன்னால் அது பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சா? அப்புறம் யாராவது 'உலக வெளியேற்றத்தில் சிங்கப்பூர் 0.1 விழுக்காடுதான்' என்பார்கள், அதற்கு என்ன சொல்வது?

பருவக்காற்று

காரணம் சொல்ல வேண்டும், ஆனால் அதே செய்தியில் வேண்டாம். பயத்தில் இருப்பவர் முதலில் தேடுவது 'நான் என்ன செய்ய' என்பதை. அதைப் பெற்றுக்கொண்டவர்தான் 'ஏன்' என்று கேட்பார். கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1980இல் 26.9 டிகிரி, 2020இல் 28.0. இந்த ஏற்றம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, உலகம் முழுவதும் சூடாவது. மற்றொன்று, கட்டடமும் தார்ச்சாலையும் ஏர்கானும் சேர்ந்து நகருக்குள் தேக்கும் சூடு. இரவில் நெருக்கமான பகுதிக்கும் பசுமையான பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். முழுப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட்டால், விவரம் தெரிந்த ஒருவர் நகரச் சூட்டைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார்.

0.1 விழுக்காடு என்பது உண்மைதான், மறுக்க வேண்டாம். ஆனால் அது நம் தலையில் விழும் வெயிலைக் குறைப்பதில்லை. 2024 ஜனவரியில் வெளிவந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரி 21. நூற்றாண்டு இறுதியில் 41 முதல் 351 வரை போகலாம். எண்கள் இப்படி அகன்று கிடப்பதற்குப் பெரிய காரணம், உலகம் இனி எவ்வளவு வெளியேற்றப் போகிறது என்பது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே இருப்பது மனிதர் எடுக்கும் முடிவு. நம்பிக்கை தர எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இந்த இடைவெளியைக் காட்டுவதுதான். 351ஐ மட்டும் எடுத்து மிரட்டாதீர்கள்.

நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026 முதல் 45 வெள்ளி. இதெல்லாம் குடும்பத் தலைவர்களோடு கட்டணச் சீட்டைக் கையில் வைத்துப் பேச வேண்டியவை. வெயிலில் செங்கல் தூக்கும் தம்பியிடம் கரிமப் பாடம் நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தெம்பனிஸ்_ராஜா

இளையர்கள் வேறு மாதிரி. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிங்கப்பூர் முழுக்கக் கடலில் மூழ்கிய வரைபடத்தை அனுப்பிவிட்டு 'படித்து என்ன பயன்' என்கிறார்கள்.

கடல்மட்டம்

அந்த வரைபடங்கள் நீர்மட்டத்தை ஒரே கோடாக உயர்த்தி, அதற்குக் கீழே உள்ளதற்கெல்லாம் நீலம் பூசுகின்றன. இடையில் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நம் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது என்பது உண்மை. அதே தேசியப் பருவநிலை ஆய்வு 2100க்குள் 0.23 முதல் 1.15 மீட்டர் வரை ஏற்றம் சொல்கிறது. அதோடு பெருக்குக் கடலும் புயல் அலையும் சேரும் நாள்தான் ஆபத்து. ஆனால் கடல்நீரைத் தடுக்கும் மரினா அணைக்கட்டு 2008இலிருந்தே இயங்குகிறது, புதிதாக மீட்கும் நிலம் குறைந்தது 4 மீட்டர் உயரம் என்று 2011இலேயே விதி மாறிவிட்டது, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே கடலைத் தடுக்க 'லாங் ஐலண்ட்' என்று ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை மீட்கத் திட்டமிடுகிறார்கள். 'மூழ்காது' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என்னென்ன வேலை நடக்கிறது, எது இன்னும் பாக்கி என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

இரவுப்பணி

பிள்ளைகளிடம் 'கவலைப்படாதே' என்ற சொல் வேலை செய்யாது. அது அவர்கள் காதில் 'பேசாதே' என்றுதான் விழும். எதைப் பார்த்தாய், எந்த இடம் பயமாக இருந்தது என்று கேட்டு, முழுதாகச் சொல்லவிடுங்கள். அதில் உண்மை எது, மிகை எது என்று பிறகு சேர்ந்து பிரிக்கலாம். படுக்கைக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்கு முன் இந்தக் காணொளிகளை நிறுத்தச் சொல்லுங்கள். கையில் ஒரு வேலையும் கொடுங்கள்: அதே மாடியில் தனியாக இருக்கும் பாட்டியின் கதவைத் தட்டி, விசிறி ஓடுகிறதா, தண்ணீர் குடித்தாரா என்று பார்த்து வருவது. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் 1771க்கு அழைக்கலாம், மனநல ஆலோசனைக்கான தேசிய எண் அது.

கீழ்த்தளம்

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"ஐயா வெயிலைப் பற்றி நினைவூட்டியதற்கு நன்றி. சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சம் 37 டிகிரி, அதுவும் ஏப்ரல், மே மாதங்களில். 40 டிகிரி, 5 நாள் என்று சுற்றும் தகவல் பழையது, சரியானதல்ல. மெழுகுவத்தி உருகும் வரை காத்திருக்க வேண்டாம், உடம்பு அதற்கு முன்பே சோர்ந்துவிடும். மைஎன்வி செயலியில் 'அதிகம்' என்று வந்தால் வெளி வேலையைத் தள்ளி வையுங்கள், விசிறியைப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். யாராவது உளறினால், தள்ளாடினால் 995. தண்ணீர் ஊற்றி உடனே குளிர்வியுங்கள், ஐஸ் வைக்கலாம், பயமில்லை."

பருவக்காற்று

நன்று. உண்மையில் தொடங்கி, தவறை ஒரே தடவை சொல்லி, ஏன் தவறு என்று காட்டி, மறுபடி உண்மைக்கு வந்திருக்கிறீர்கள். பழைய செய்தியின் படத்தைச் சிவப்புக் குறி போட்டுக்கூட இணைக்காதீர்கள். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் படம்தான் நிற்கும், குறி நிற்காது. குழுவில் போடும் முன் பெரியவருக்குத் தனியாக அனுப்பி, 'ஐயா, நீங்களே இதைப் போட்டால் எல்லாரும் கேட்பார்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

துவாஸ்_பாதுகாப்பு

தம்பிகளுக்குத் தனி ஒலிப்பதிவு, 40 விநாடிக்குள். லாரியில் போகும்போது கேட்பார்கள், படிக்க மாட்டார்கள். 32க்கு 10 நிமிடம், 33க்கு 15 நிமிடம், போத்தல் கோடு, 995, இந்த நான்கு மட்டும். ஓய்வு தராவிட்டால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம் என்பதைக் கடைசியில் சேருங்கள். காலை 6 மணிக்கு முன் அனுப்பினால் வேலைக்குக் கிளம்பும் முன் போய்ச் சேரும்.

மேற்குச்சுவர்

பெரியவர்கள் குழுவுக்குக் காலை 9 மணி, சந்தைக்குக் கிளம்பும் நேரம். தேதி பார்த்து அனுப்பாதீர்கள், மார்ச் போய் மே வந்தால் யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். செயலியில் 'அதிகம்' என்று வரும் நாளெல்லாம் அதே செய்தியை அனுப்புங்கள், ஒரு சொல்கூட மாற்றாமல்.